ஹலீமா கொடுத்த ஸ்பானர்

சையத் ஆல்வி ரோடு
14-4-1966

அன்புள்ள நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முதலில் ஒரு சத்தியம் செய்துவிட்டு மேலே படியுங்கள். இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டக் கூடாது. மாமாவுக்குக் கூடாது, மாமிக்குக் கூடாது, ஹலீமா மச்சிக்குக் கூடவே கூடாது. படித்ததும் மாமி வீட்டு அடுப்பில் போட்டுவிடுங்கள். எரிந்து முடியும் வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.

நேற்று சாப்பிடும்போது வாப்பா சொன்னார்: "அந்த வீட்டுக்கு இங்கேருந்து ஒரு காகிதம் போச்சுன்னு தெரிஞ்சா, எழுதினது யாராயிருந்தாலும் சரி, படிப்பும் வேணாம் ஒண்ணும் வேணாம், அடுத்த கப்பல்ல நாகூருதான்." உம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் பாதிச் சோற்றோடு எழுந்தது நான்தான். உம்மாவுக்கு எழுதத் தெரியாது என்பது வாப்பாவுக்குத் தெரியாதா?

எல்லோரும் தூங்கிய பிறகு ஸ்டோர் ரூமுக்குள் வந்து, ரேடியேட்டர் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். எலி ஓடினால் கூட வாப்பா என்று நினைத்து எழுத்து கோணிக்கொள்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் காரை எடுத்துக்கொண்டு போய் ஒரு மாதம் ஆகிவிட்டது. பின்பக்கச் சந்தில் அது நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை அப்படியே இருக்கிறது. உம்மா தண்ணீர் ஊற்றப் போனார்கள், நான் விடவில்லை. அந்த ஷெவர்லேயைப் பிரித்து நம் உதிரிபாகக் கடையில் விற்கத்தான் வாப்பா வாங்கினார், எனக்கும் தெரியும். ஆனால் பிரிப்பதற்கு முன் ஒரு தடவை அதை நீங்கள் முடுக்கிக் காட்டினீர்களே, எட்டு சிலிண்டரும் ஒன்றாக எழுந்து நம் வீட்டு ஜன்னல் கண்ணாடியெல்லாம் நடுங்கியதே, அதற்குப் பிறகு அதை யாரால் பிரிக்க முடியும்? பலகைக் கடைச் சீன முதலாளி தவ்க்கேயின் மகனுடைய ஃபோர்டை மார்சிலிங் நேர் ரோட்டில் ஒரே ஒரு தடவை ஜெயித்துவிட்டு, மறுநாளே காரை விற்றுவிட்டு வந்து வாப்பாவுக்கு ஸலாம் சொல்வதாக என்னிடம் சொன்னீர்கள். நான் அதையே பிடித்துக்கொண்டு இருக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மணிலா கப்பல் மாலுமி இந்தத் தடவை உங்களுக்காக ஒரு சாமான்தான் கொண்டுவர முடியும் என்று சொன்னானாமே, என் வகுப்புத் தோழி பூவம்மாவின் அண்ணன் சொன்னார். என்ன கேட்கப் போகிறீர்கள்? பெரிய கேம் ஷாஃப்ட் கேளுங்கள். வால்வை உயரமாகத் திறந்து வைக்குமே, அது. பிராஸ் பாசா ரோட்டில் வாங்கிய அமெரிக்கப் பத்திரிகையில் நான் படித்துச் சொன்னது நினைவிருக்கிறதா? நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்வேன், நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு "ம், மேல" என்பீர்கள். இப்போது யார் படித்துச் சொல்கிறார்கள்?

பதிலைப் பூவம்மா வீட்டு விலாசத்துக்குப் போடுங்கள். வகுப்பில் எனக்குக் கொடுத்துவிடுவாள்.

உங்கள் அன்புத் தங்கச்சி
ரஷீதா

*

மார்சிலிங்
17-4-1966

அன்புத் தங்கச்சி ரஷீதாவுக்கு நூருல் அமீன் எழுதுவது.

வ அலைக்கும் ஸலாம். கடிதத்தை அடுப்பில் போட்டேன். மாமி, "மருமவன் என்ன சமைக்கிறாரு?" என்று உள்ளேயிருந்து கேட்டார்கள். பயப்படாதே, யாருக்கும் தெரியாது.

நான் நன்றாக இருக்கிறேன். மாமா காலையில் கடற்படைத் தளத்துக்கு வேலைக்குப் போனால் மாலைதான் வருவார். முற்றத்தில் தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்திருக்கிறார். கார் அதில் பாதிதான் நுழைகிறது, மூக்கு உள்ளே, வால் வெளியே.

யார் படித்துச் சொல்கிறார்கள் என்று கேட்டாய். ஹலீமாதான். நீ முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. முறைப்பெண் என்பதால் நான் முற்றத்தில் இருக்கும்போது அவள் வெளியே வரக் கூடாதாம், மாமியின் கட்டளை. அதனால் அடுப்படிப் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து படிக்கிறாள். நான் இந்தப் பக்கம் காருக்கு அடியில் படுத்துக் கேட்கிறேன். சிறிய ஜன்னல் ஒன்று இருக்கிறது. தேத்தண்ணீர் வேண்டுமென்றால் கையும் கப்பும் மட்டும் வெளியே வரும். மூன்று மாதம் முன்பு நோன்புப் பெருநாளுக்கு வந்தபோது பார்த்த முகம்தான், அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

கேம் ஷாஃப்ட் கேட்கலாம் என்றுதான் நானும் இருந்தேன். பலகைக்குப் பின்னாலிருந்து அவள் கேட்டாள்: "மச்சான், ஓட்டம் எவ்வளவு தூரம்?"

"கால் மைல்."

"வண்டி என்னா கனம்?"

"யானை."

"அப்ப கிளம்புற இடத்துல பலம் வேணுமா, போய்ச் சேருற இடத்துலயா?"

நான் கொஞ்சம் யோசித்தேன். "கிளம்புற இடத்துலதான்."

"பொறவு ஏன் எஞ்சினைக் குடையிறீங்க? பின் அச்சுல இருக்கிற கிரவுன் பல்லை மாத்துங்க. பெரிய கேம் போட்டா உச்ச வேகத்துலதான் உசுரு வரும், கீழே இருமிக்கிட்டே இருக்கும். சிராங்கூன் ரோடு செவப்பு லைட்டுல அணைஞ்சு போயி, நாலு பேரு கூடித் தள்ளுவாங்க. பாக்க நல்லாவா இருக்கும்?"

எனக்குச் சிரிப்பு வந்து ஸ்பானர் நெற்றியில் விழுந்தது. மாலுமியிடம் கிரவுன் பல் செட்டையே கேட்கப் போகிறேன். நீ என்ன சொல்கிறாய்?

உன் நானா
நூருல் அமீன்

*

சையத் ஆல்வி ரோடு
20-4-1966

அன்புள்ள நானாவுக்கு,

ஸலாம். இதையும் எரித்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தைப் பூவம்மா கொடுத்தபோது பிரிக்கவே எனக்கு மனம் வரவில்லை. உறையின் மேல் இங்கிலீஷில் விலாசம் எழுதியது யார்? அந்த வளைந்த எழுத்து உங்களுடையது இல்லை. அடையாள அட்டை முதல் டிரைவிங் லைசன்ஸ் வரை உங்களுக்கு இங்கிலீஷில் எதுவாக இருந்தாலும் நான்தானே எழுதிக் கொடுப்பேன்? யாருக்கும் தெரியாது என்று எழுதிவிட்டு, அந்தக் கடிதத்துக்கு மேலேயே அவள் கையால் எழுதி வாங்கியிருக்கிறீர்கள்.

பரவாயில்லை. மச்சி கான்வென்ட்டில் படித்தவள். என் எழுத்து கோணல்தான்.

கிரவுன் பல் பற்றிக் கேட்டீர்கள். கூடவே கூடாது. அது தப்பு. நாம் படித்த பத்திரிகையில், கறுப்புக் கார் படம் போட்ட இதழில், நடுப்பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் தெளிவாகப் போட்டிருந்தது: கனமான காரில் அதிகப் பல் கொண்ட கிரவுன் போட்டால் அச்சு முறிந்துவிடும். நான் உங்களுக்குப் படித்துக் காட்டினேன், நீங்கள் அன்று தூங்கிவிட்டீர்கள் போலிருக்கிறது. அடுப்படியில் உட்கார்ந்து பத்திரிகை படித்தால் இவ்வளவுதான் புரியும். அவள் ஒரு தடவையாவது எஞ்சினைத் தொட்டிருக்கிறாளா? நான் தொட்டிருக்கிறேன். வால்வு இடைவெளி பார்க்கும்போது தகட்டைப் பிடித்தது என் விரல்தான். என் பள்ளிக்கூடச் சட்டையில் கிரீஸ் ஒட்டி, டீச்சர் என்னை வெளியே நிற்க வைத்தார்கள்.

ஓட்டத்தன்று பக்கத்து இருக்கையில் என்னை உட்கார வைப்பதாகச் சொன்னீர்கள். அதையாவது மாற்றிவிடாதீர்கள்.

தேத்தண்ணீருக்கு அவள் எத்தனை சீனி போடுகிறாள்? உங்களுக்கு ஒன்றரைதான் என்று அவளுக்குத் தெரியுமா?

ரஷீதா

*

மார்சிலிங்
8-5-1966

ரஷீதாவுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. மாலுமி வந்தான், செட் வந்தது, மாட்டியாகிவிட்டது. நேற்று அதிகாலையில் ரப்பர் தோட்டத்து ரோட்டில் ஆளில்லாத நேரம் பார்த்து ஒரு தடவை விட்டுப் பார்த்தேன். எப்படிச் சொல்வது! கிளச்சை விட்டதும் என் முதுகை யாரோ இருக்கையோடு சேர்த்து ஆணியடித்த மாதிரி இருந்தது. முன்பு உருண்டு கிளம்பிய வண்டி இப்போது பாய்கிறது. அச்சு முறியவில்லை. ஒரு முனகல்கூட இல்லை.

இன்னொன்று. நீ சொன்ன கறுப்புக் கார் இதழ் என்னிடம்தான் இருக்கிறது, வரும்போது மூட்டையோடு எடுத்து வந்தேன். ஹலீமாவிடம் ஜன்னல் வழியாகக் கொடுத்து, நடுப்பக்கத்துக்கு அடுத்த பக்கத்தைப் படிக்கச் சொன்னேன். படித்தாள். "என்னா போட்டிருக்கு?" என்றேன். "கனமான வண்டிக்கு மொதல்ல கிரவுன் பல்லைத்தான் மாத்தணும்னு போட்டிருக்கு மச்சான். அச்சைப் பத்தி ஒண்ணும் இல்ல" என்றாள். பிறகு அவளாகவே, "பாவம், சின்னப் புள்ள, வேற இதழா இருக்கும்" என்று உனக்காகப் பேசினாள்.

வேறு இதழ் இல்லை என்று எனக்குத் தெரியும். அந்த இதழை நீ எத்தனை தடவை படித்திருக்கிறாய்! மனப்பாடமாகச் சொல்வாயே. ஏன் பொய் சொன்னாய் புள்ள?

பக்கத்து இருக்கை பற்றி: அந்த இருக்கையையே கழற்றிவிட்டேன், கனம் குறைய. யாருக்கும் இல்லை.

நூருல் அமீன்

*

சையத் ஆல்வி ரோடு
10-5-1966

நானாவுக்கு,

ஸலாம். அச்சு முறியாததற்கு அல்ஹம்துலில்லாஹ். வேறு இதழாகத்தான் இருக்கும்.

"பாவம், சின்னப் புள்ள" என்று சொல்ல அவள் யார்? என்னைவிட மூன்று வயதுதான் மூத்தவள். அவள் என் மேல் இரக்கப்பட வேண்டாம் என்று பலகை வழியாகச் சொல்லிவிடுங்கள்.

உம்மா உங்களுக்குப் பிடித்த இறால் ஆணம் வைத்தார்கள். உங்கள் தட்டை எடுத்து வைத்துவிட்டு, பிறகு கொண்டுபோய்க் கழுவி வைத்தார்கள்.

ரஷீதா

*

மார்சிலிங்
15-5-1966

அன்புத் தங்கச்சிக்கு,

கோபம் போதும். நாள் குறித்தாகிவிட்டது. வருகிற சனிக்கிழமை ராத்திரி, தோட்டத்து ரோட்டில். தவ்க்கே மகனே ஆள் அனுப்பினான்: "உன் பழைய இரும்பைக் கொண்டா, என் ஃபோர்டு தொடைச்சு வச்சிருக்கேன்லா" என்றானாம். இன்ஷா அல்லாஹ், ஞாயிற்றுக்கிழமை நான் நம் வீட்டு வாசலில் நிற்பேன். வாப்பா கதவைச் சாத்தினாலும் சரி, சந்தில் உட்கார்ந்திருப்பேன்.

நடுவில் ஒரு தொந்தரவு வந்தது. புதிய பல் போட்ட பிறகு, ஒவ்வொரு தடவை பாயும்போதும் பழைய கிளச் வழுக்கி எரிந்த வாடை அடித்தது. சுங்கை ரோட்டில் கழித்துப் போட்ட அமெரிக்க லாரி ஒன்றிலிருந்து கிளச் மூடி எடுத்து வந்தேன், ஸ்பிரிங் எல்லாம் தடிமன். எஞ்சினுக்குப் பின்னால் சுற்றுகிற ஃப்ளைவீலில் அது அளவாக உட்கார்ந்தது. ஆனால் மூடி தடித்ததால் பழைய போல்ட் நீளம் பற்றவில்லை. நீளமாக ஆறு போல்ட் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, எங்கே தேடுவது? சும்மா வாய்விட்டுப் புலம்பினேன். கொஞ்ச நேரத்தில் ஜன்னல் கட்டையில் ஒரு மில்க்மெய்ட் டப்பா. உள்ளே பளபளவென்று ஆறு போல்ட், மாமாவின் பெட்டியிலிருந்து. தளத்தில் கப்பலுக்குப் போடுகிற சாமானாம். மரை என்ன அழகாக ஏறுகிறது தெரியுமா! கடைசி வரை விரலாலேயே சுற்றிவிட்டேன்.

இதையும் கேள். என் ஸ்பானர் ஒன்றும் அந்தத் தலைகளுக்குச் சேரவில்லை, எல்லாம் சிறியது. கேட்கலாம் என்று வாயைத் திறப்பதற்குள் அந்தக் கை மறுபடி வெளியே வந்தது, அதற்குப் பொருத்தமான ஸ்பானரோடு. "இதுவும் வேணும்ல மச்சான்" என்றாள். கேட்காமலேயே கொடுக்கிற கை! உனக்குக்கூட இப்படித் தோன்றியிருக்காது. இறுக்கி முடித்துக் கியர்பாக்ஸையும் ஏற்றிவிட்டேன்.

ஹலீமா விஷயமாக மாமா வாப்பாவிடம் பேசப் போவதாக மாமி சொன்னார்கள். நீ சந்தோஷப்படுவாய்தானே?

உன் நானா

*

சையத் ஆல்வி ரோடு
16-5-1966

நானா,

இன்று மத்தியானம் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு உடனே எழுத உட்கார்ந்தேன். அந்த ஆறு போல்ட்டையும் உடனே கழற்றுங்கள். அவை தப்பான போல்ட்.

உங்கள் ஸ்பானர் ஏன் சேரவில்லை என்று யோசித்தீர்களா? உங்களிடம் இருப்பது அமெரிக்க வண்டிக்கான ஸ்பானர் செட். அமெரிக்க போல்ட்டாக இருந்தால் சேர்ந்திருக்கும். மாமா பெட்டியில் இருப்பது பிரிட்டிஷ் கடற்படைச் சாமான், வேறு அளவு, வேறு மரை. நம் கடையில் இரண்டு டிராயர் தனித்தனியாக இருக்கிறதே, அமெரிக்க போல்ட் தலையில் வாப்பா சிவப்புப் பெயிண்ட் வைக்கச் சொல்வாரே, அது சும்மா அழகுக்கா? நீங்கள் கை நீட்டினால் சரியான டிராயரிலிருந்து நான் எடுத்துக் கொடுப்பேன். அதனால் நீங்கள் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. பெயிண்ட் வைப்பது நான். பல்துலக்கும் பிரஷ்ஷால் எத்தனை ஆயிரம் தலைக்கு வைத்திருப்பேன்!

பிரமாதமாக ஸ்பானர் கொடுத்தாளாம். தப்பான போல்ட்டுக்குச் சரியான ஸ்பானர். மில்க்மெய்ட் டப்பாவில் வைத்துக் கொடுத்தால் தேன் போல இனிக்கும் போலிருக்கிறது. எஞ்சினையே பார்க்காதவள் கையை மட்டும் நீட்டினால் இப்படித்தான் ஆகும். அந்தக் கையைப் பற்றி ஒரு பக்கம் எழுதுகிறீர்களே, என் கையைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்களா?

கழற்றுங்கள். தயவுசெய்து.

ரஷீதா

*

மார்சிலிங்
18-5-1966

ரஷீதா,

அச்சு முறியும் என்றாய். இப்போது போல்ட். சனிக்கிழமைக்குள் இன்னும் என்னென்ன சொல்வாய்?

மரை வேறாக இருந்தால் விரலால் சுற்றிக் கடைசி வரை ஏறுமா? பாதியில் நின்றுவிடாதா? இதைக்கூட நான் யோசிக்க மாட்டேனா? ஸ்பானர் சேராததற்குத் தலை பெரிது, அவ்வளவுதான். பெரிய தலை இன்னும் பலம். கியர்பாக்ஸை இறக்கி ஏற்ற ஒரு முழு நாள் ஆகும், எனக்கு ஆள் உதவியும் இல்லை. உனக்கு ஹலீமாவைப் பிடிக்கவில்லை என்பதற்காக அதைச் செய்ய முடியாது.

நீ எழுதியதில் பாதிக்கு மேல் அவள் கையைப் பற்றித்தான் இருக்கிறது, திரும்பப் படித்துப் பார். எனக்கே வெட்கமாக இருந்தது. சனிக்கிழமை வரை என் மனம் அமைதியாக இருக்க வேண்டும். அதுவரை எழுதாதே. எழுதினாலும் பிரிக்க மாட்டேன்.

நூருல் அமீன்

*

சையத் ஆல்வி ரோடு
19-5-1966, வியாழன் இரவு

நானாவுக்கு. அவர் பிரிக்காமல் வைத்துவிட்டால், ஹலீமா மச்சிக்கு.

மச்சி, நீங்களே பிரியுங்கள். பிரித்து, பலகை பக்கம் உட்கார்ந்து, எப்போதும் பத்திரிகை படிப்பது போல இதை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். உங்கள் குரலில் வந்தால் கேட்பார். என் குரலில் வந்தால் இனிக் கேட்க மாட்டார். அதை நானே கெடுத்துக்கொண்டேன்.

நானா, மச்சி சொன்ன கிரவுன் பல்தான் சரி. அவள் சொன்னதாக நீங்கள் எழுதியபோதே அது சரி என்று எனக்குத் தெரியும். கறுப்புக் கார் இதழின் அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம், அச்சு முறியும் என்று அதில் ஒரு சொல்கூட இல்லை. பெரிய கேம் இருமும் என்பதும் எனக்குத் தெரியும். நாம் இருவரும் சேர்ந்து ஆசைப்பட்டது அது என்பதால் அது ஜெயிக்க வேண்டும் என்று நினைத்தேன். மச்சி ஒரே கேள்வியில் கண்டுபிடித்ததை நான் நான்கு மாதம் படித்தும் கண்டுபிடிக்கவில்லை. படித்துச் சொல்வதற்கு என்னைவிட அவள்தான் நல்லவள். தேத்தண்ணீரும் அவளே கொடுக்கட்டும். வாப்பா கேட்டால், எனக்கு மச்சியைப் பிடிக்கும் என்று நானே சொல்கிறேன். முழுக்க நிஜமில்லை, ஆனால் சொல்கிறேன். நடுராத்திரியில் விழித்தால் பலகைச் சுவரும் அந்த ஜன்னலும்தான் கண்ணில் வருகின்றன, என்ன செய்ய? அதெல்லாம் என் பாடு. அதோடு இதைச் சேர்க்காதீர்கள். போல்ட் வேறு.

இன்று பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இரண்டு டிராயரிலிருந்தும் ஒவ்வொன்று எடுத்து, மரையோடு மரை வைத்துப் பார்த்தேன். ஒன்றுக்குள் ஒன்று உட்கார்ந்துவிட்டது. எனக்கே ஒரு நிமிடம் சந்தேகம், நான்தான் தப்போ என்று. பிறகு கடை வாசலில் வெயிலுக்கு நேரே பிடித்தேன். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே மயிரிழை மாதிரி வெளிச்சம் தெரிந்தது. பற்களின் எண்ணிக்கை ஒன்று, பல்லின் சரிவு வேறு. நானா, அதனால்தான் விரலாலேயே ஏறியது. சரியானதாக இருந்தால் கொஞ்சம் பிடித்திருக்கும். நீங்கள் எதைப் பார்த்து நம்பினீர்களோ அதுவேதான் தப்பு.

அப்புறம் ஒரு முட்டாள்தனம் செய்தேன். வாப்பாவிடமே கேட்டுவிட்டேன்.

"வாப்பா, கப்பல் போல்ட்டை அமெரிக்க வண்டியில போட்டா என்னா ஆவும்?"

"எதுல?"

"சும்மா... கிளச் மூடியில."

வாப்பா கையிலிருந்த பில்லைக் கீழே வைத்தார். "வால்வு மூடியில போட்டா எண்ணெய் ஒழுவும், தொடைச்சிக்கலாம். கிளச் மூடியில போட்டு ஒருத்தன் புக்கிட் தீமா ரோட்டுல ஓட்டினான். வேகம் ஏறினதும் மூடி பிச்சிக்கிட்டு, வாள் மாதிரி தரைத் தகட்டை அறுத்துக்கிட்டு மேல வந்துச்சு. முழங்காலுக்குக் கீழ இப்ப அவனுக்கு ஒண்ணும் இல்ல. உசுரு இருந்ததே பெரிசு." எழுந்து என் பக்கம் வந்தார். "யாரு கேக்கச் சொன்னா?"

"யாருமில்ல வாப்பா. பள்ளிக்கூடத்துல..."

"பள்ளிக்கூடத்துல கிளச்சா சொல்லித் தராங்க?"

நான் மாடிக்கு ஓடிவிட்டேன். ராத்திரி அவர் சாப்பிடவில்லை. கீழே முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருந்தார்.

நானா, உங்கள் கால் அந்த மூடிக்கு நேர் மேலே இருக்கும். சாதாரணமாக ஓட்டினால் ஒருவேளை தாங்கும். மாமா போல்ட்டில் குற்றம் இல்லை, அது கப்பல் தளத்தில் தகட்டைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பதற்காகச் செய்தது. சனிக்கிழமை எஞ்சின் கத்தும் வேகத்தில் அது நிற்காது. புதிய பல் போட்டதால் எஞ்சின் இன்னும் வேகமாகச் சுற்றும். மச்சி சொன்னது சரியாக இருப்பதால்தான் மச்சி கொடுத்தது இன்னும் ஆபத்து. மச்சி, நீங்கள் அழாதீர்கள். எஞ்சின் பக்கத்தில் வர உங்களை விட்டிருந்தால், பழைய போல்ட்டைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பீர்கள். ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பீர்கள். ஜன்னல் வழியாக யாருக்கு என்ன தெரியும்?

இந்தப் பொட்டலத்தில் ஆறு போல்ட் வைத்திருக்கிறேன், சிவப்புத் தலை, லாரி மூடிக்கு வேண்டிய நீளம். வாப்பாவின் டிராயரிலிருந்து கேட்காமல் எடுத்தேன். மச்சி, இவற்றை ஜன்னல் கட்டையில் வைக்காதீர்கள். மாமி திட்டினால் திட்டட்டும். முற்றத்துக்கு இறங்கிப் போய், நானாவின் உள்ளங்கையிலேயே வையுங்கள். உங்கள் முகத்தைப் பார்த்தால் அவர் மறுக்க மாட்டார். இதை எழுதும்போது எனக்கு நெஞ்சு எரிகிறது, இருந்தாலும் எழுதுகிறேன். கியர்பாக்ஸை இறக்கும்போது நீங்கள் ஒரு பக்கம் பிடியுங்கள். இரண்டு பேர் இருந்தால் ஒரு நாள் ஆகாது.

காலையில் பள்ளிக்கூடம் போகும் வழியில் தபாலில் சேர்த்துவிடுவேன். வெள்ளிக்கிழமை போட்டால் மார்சிலிங்குக்குச் சனிக்கிழமை வந்துவிடும். வர வேண்டும். பொட்டலம் என்பதால் தபாலாபீஸில் தங்கிவிடுமோ? அந்தக் கம்பத்துக் கிராமத்துக்குத் தபால்காரர் மத்தியானத்துக்கு மேல்தான் வருவார் என்று முன்பு சொன்னீர்களே. மத்தியானத்துக்கு மேல் வந்தால் கியர்பாக்ஸை எப்படி இறக்குவீர்கள்? திங்கட்கிழமை வந்தால்? பூவம்மாவின் அண்ணனிடம் கொடுத்தால் அவர் சனிக்கிழமை வேலை முடிந்துதான் போவார். நானே பஸ் ஏறி வந்துவிடலாமா என்றால் எனக்கு மார்சிலிங் பக்கம் வழியே தெரியாது, என்னை யார் தனியாக

படியில் காலடிச் சத்தம் கேட்கிறது. எலி இல்லை. மூன்றாவது படி முனகியது. உம்மா அந்தப் படியை மிதிக்க மாட்டார்கள்.

தட்டுகிறார்கள்.

"ரஷீதா. உள்ள வெளிச்சம் தெரியுது. தொற."

வாப்பா. பொட்டலம் மடியில் இருக்கிறது. ரேடியேட்டர் பெட்டிக்குப் பின்னால் தள்ளிவிட்டால் தெரியாது, டார்ச்சை அணைத்துவிட்டுத் தூக்கத்தில் வந்துவிட்டேன் என்று சொல்லலாம், நாளைக்கு வழக்கம் போலப் பள்ளிக்கூடம் போகலாம். ஆனால் கடை லாரிச் சாவி வாப்பாவின் இடுப்பு வாரில் இருக்கிறது. இந்த நேரத்தில் ரோட்டில் வண்டி இருக்காது, ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். மறுபடி தட்டுகிறார். நானா, இதை நான் ஒளிக்கப் போவதில்லை, அவரிடமே கொ